இரண்டாவது பெயர் பத்ரோஸ்

1

எங்கள் கட்டுரையைச் சிலி நாட்டில் யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இன்று காலை மின்னஞ்சல் வந்தது. அங்கே செம்புச் சுரங்கத்துக் கழிவு மண்ணைக் குன்றுபோல் குவித்து வைக்கிறார்களாம். அந்தக் குன்று எப்போது சரியும் என்பது அவர்கள் கவலை. குளச்சலில் ஒரு போட் எஞ்சின் பட்டறையின் மூலையில் மணலை உருட்டிப் பார்த்து நாங்கள் எழுதியது, வெளியான பத்தாவது வருடத்தில் அவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. வாயில் பல்துலக்கியோடு நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து என் மனைவி ஷீபா என்ன என்று கேட்டாள்.

"பத்ரோஸ் மச்சானுக்கு ஒண்ணு கூடியிருக்கு" என்றேன்.

ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். நாங்கள் வானத்து விண்மீனை எண்ணுவதைவிட, எங்களை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவதுதான் அதிகம். அதற்கென்றே கணினியில் தளங்கள் இருக்கின்றன. எழுதிய கட்டுரை எத்தனை, ஒவ்வொன்றையும் பிறர் எத்தனை முறை எடுத்துக் காட்டினார்கள், அதை வைத்து உனக்கு என்ன மார்க் என்று முகத்துக்கு நேரே போட்டுவிடும். ஐம்பது வயதுப் பேராசிரியர்கள் அதைப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்போலத் திறந்து பார்ப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

நான் எழுதியவை முப்பது சொச்சம். அதில் பாதியை என்னையும் என் மாணவர்களையும் தவிர யாரும் தொட்டதில்லை. மீதியில் ஏதோ பேர் சொல்லும்படி சில. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எட்ட முடியாத உயரத்தில் நிற்பது நான் ஊரில் இருந்தபோது எழுதிய முதல் கட்டுரை. அதில் மூன்று பெயர்கள். முதலில் நான். மூன்றாவது, நாகர்கோவிலில் எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர். நடுவில், என் செலின் அக்காவின் கணவர் பத்ரோஸ். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். முகவரி: கடற்கரைச் சாலை, குளச்சல்.

மச்சான் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. அந்த ஒன்றும் உலகம் சுற்றுகிறது. கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்று சராசரி பார்த்தால் எங்கள் துறைத் தலைவரே அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

2

சுனாமி வந்த மறு வருடம். உடைந்ததும் உப்பேறியதுமாக ஊரில் உள்ள எஞ்சின் எல்லாம் மச்சானின் பட்டறை வாசலில் கிடந்தது. மூச்சு விட நேரமில்லாத அந்த மனிதரிடம் போய், எனக்கு ஒரு உருளை வேண்டும் என்று நின்றேன். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே பாதிக்கு மணல். அது மிக மெதுவாக, துளி அதிர்வு இல்லாமல் சுற்ற வேண்டும். சுற்றும்போது மணல் எந்தச் சாய்வில் சரிகிறது என்று அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. கல்லூரியில் அதற்கு வசதி இல்லை.

"மண்ணு சரியும். அதுக்குப் படிப்பு வேற உண்டா?" என்று மச்சான் கேட்டார். கேட்டுவிட்டு, பட்டறையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். பழைய பல்சக்கரங்களைக் கோத்து, லாரி டயரை வெட்டி அடியில் வைத்து, அவர் செய்த உருளை சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அத்தனை அமைதி.

ஒரு மாதம் நன்றாக அளந்தேன். அதற்குள் எங்கள் கோயில் திருவிழா கொடியேறிவிட்டது. திருவிழா என்றால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்பது மச்சானின் விரதம். உருளையில் மணலை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பேரும் செண்டை மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் போய்விட்டோம். பரிசோதனைக்கூடத்தில் இப்படிச் செய்கிறவனை வெளியே துரத்திவிடுவார்கள். மாதிரியைக் கொட்டி, உருளையைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பதினோராம் நாள் மச்சான் சுவிட்சைப் போட்டார். மணல் சரியவில்லை. வழக்கமாகச் சரிகிற சாய்வைத் தாண்டியும் பிடிவாதமாக நின்றது. பிறகுதான் மொத்தமாக விழுந்தது.

"லேய், பாத்தியா? கெடந்த மண்ணுக்கு ஒரு பலம் வந்துட்டு" என்றார்.

"கடக்காத்துல ஈரம் ஏறிட்டு மச்சான். இது கெட்டுப்போன மண்ணு. கொட்டிருங்க" என்றேன் நான்.

இதை நான் இப்படிப் பச்சையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் வாழ்க்கையின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு என் கண்ணுக்கு நேரே நடந்தபோது, அதைக் கொட்டச் சொன்னவன் நான்.

மறுநாள் ஒரு உதவித்தொகை நேர்காணலுக்காக ரயிலேறினேன். போன இடத்தில் வேலை இழுத்து, திரும்பி வர மூன்று வாரம். வந்து பார்த்தால் மணல் அப்படியே இருந்தது. உருளையின் கண்ணாடியில் வெல்டிங் சாக்குக்கட்டியால் புதிதாக நாலு கோடு.

"ஒரு நாள் நிறுத்தி வச்சு ஓட்டினேன். இந்தக் கோட்டுல சரிஞ்சுது. பின்னே ரெண்டு நாள் வச்சேன். அப்புறம் நாலு. அப்புறம் எட்டு" என்று ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டினார். "நாள் ரெண்டு மடங்கானா பலமும் ரெண்டு மடங்காகும்னு நெனச்சேன் மக்கா. ஆகல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதான் கூடுது. நீ அளந்து பாரு."

அளந்தேன். நாலு கோட்டுக்கும் நடுவே ஒரே இடைவெளி. மறுபடியும் அளந்தேன். மணலின் துகள்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மெல்ல மெல்லப் பாலம் கட்டுகின்றன என்பதும், நேரம் ஆக ஆக அந்தப் பாலங்கள் எந்தக் கணக்கில் பெருகுகின்றன என்பதும் நான் பிறகு உட்கார்ந்து எழுதியது. ஆனால் பார்த்தவர் அவர். விடாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவரும் அவரே.

கட்டுரையில் மச்சானின் பெயரைக் கண்டதும் பேராசிரியர் நெற்றியைச் சுருக்கினார். "பட்டறைக்காரருக்குக் கடைசியில ஒரு நன்றி போட்டா போதாதாடே? பேரு எதுக்கு?"

"நான் குளச்சக்காரன் சார்" என்றேன். கரமடி வலையைக் கரையிலிருந்து கயிற்றால் இழுப்பார்கள். கயிற்றைப் பிடித்தவன் யாரானாலும் மீனில் அவனுக்குப் பங்கு உண்டு. வழியில் போகிறவன் வந்து பிடித்தாலும் உண்டு. "கயித்தப் பிடிச்ச ஆளுக்குப் பங்கு இல்லன்னா எங்க ஊர்ல தல காட்ட முடியாது சார்."

பேராசிரியர் சிரித்துவிட்டார். நாஞ்சில் நாட்டு நெல்வயல்காரர், கடலைத் தூரத்தில் நின்று பார்ப்பவர். ஆனாலும் நியாயம் தெரிந்த மனிதர். தன் பெயரை எடுத்து மூன்றாவதாகப் போட்டுக்கொண்டார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் தீராது.

3

நாங்கள் இப்போது இருக்கிற வெளிநாட்டு ஊரில் வருடத்தில் நாலு மாதம் பனி. வேலைக்குப் போகும் வழியில், பனி உருகச் சாலையில் தூவுவதற்காக உப்பை ஒரு பெரிய கொட்டகையில் குவித்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் காரை மெதுவாக்கி அதன் சாய்வைப் பார்ப்பேன். பின்னால் இருக்கிற மகள் ஆன்மேரி, "அப்பா, ப்ளீஸ்" என்பாள். அவளுக்கு ஸ்கூல் மணி அடித்துவிடும்.

ஆன்மேரிக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். செலின் அக்கா போனில், "ஏட்டி, சோறு தின்னியா?" என்று கேட்டால், இவள் "யெஸ், பாஸ்தா" என்பாள். அக்கா, "செரி மக்கா, நல்லா தின்னு" என்பாள். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனை வைப்பார்கள். நடுவில் நிற்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது. பிள்ளைகள் பைய விலகிப் போவது இந்தக் குறிப்புகளை வாசிக்கிற எத்தனையோ பேருக்குத் தெரிந்த கதைதான். அதனால் நீட்டவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக விண்ணப்பம் போட்டேன். வேலை விசாவுக்கு இன்னும் சில மாதம்தான் ஆயுள் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு தனி வழி உண்டு. "இவன் துறையில் பேர் பெற்றவன்" என்று நிரூபித்தால் போதும். நிரூபிக்க என்ன வழி? வேறென்ன, மேற்கோள்தான். நம்மை அறியாதவர்கள் நம் கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். அதை ஒவ்வொன்றாக அச்செடுத்து, பெயர் வரும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, அட்டவணை ஒட்டி அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு வயதான பெண்மணி மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து அச்செடுத்துத் தந்தார். காப்பிகூட வாங்கிக்கொள்ளவில்லை. கட்டு, அடுப்பங்கரை உரல் கனம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வந்தது அனுமதி அல்ல, கேள்வி. உங்கள் மேற்கோள்களில் பாதிக்கு மேல் ஒரே கட்டுரைக்குக் கிடைத்தவை. அதன் இரண்டாம் ஆசிரியர் எந்த ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்ந்தவராகத் தெரியவில்லை. அவர் யார்? இந்தக் கண்டுபிடிப்பில் உங்கள் சொந்தப் பங்கு என்ன? அவருடைய கையெழுத்தோடு விளக்கம் அனுப்பவும்.

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

4

என் வழக்கறிஞர் நல்லவர். கேள்வி வந்த அன்றே ஒரு கடிதம் தயார் செய்து அனுப்பினார். மச்சான் சொல்வதுபோல எழுதியிருந்தது. "நான் ஒரு தொழிற்பட்டறை நடத்துகிறேன். இயற்பியலாளர் கொடுத்த வரைபடத்தின்படி கருவியைச் செய்து கொடுத்ததோடு என் பங்கு முடிந்தது. பரிசோதனையும் கண்டுபிடிப்பும் முழுவதும் அவருடையவை. மரியாதைக்காக என் பெயரைச் சேர்த்தார்."

"இதில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும். பிரச்சினை தீர்ந்தது" என்றார்.

"இது உண்மை இல்லையே" என்றேன்.

"உண்மை என்ன?" என்று கேட்டார். சொன்னேன். திருவிழா, நாலு கோடு எல்லாம். அவர் பெருமூச்சு விட்டார். "அழகான கதை. ஆனால் அதை எழுதினால், கண்டுபிடித்தவர் நீங்கள் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வதுபோல் ஆகும். முடிவு உங்களுடையது. நிராகரித்துவிட்டால் விசா முடிவதற்குள் இன்னொரு விண்ணப்பத்துக்கு நேரம் இருக்காது."

வீட்டுக்கு வந்து ஷீபாவிடம் சொன்னேன். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "போக வேண்டியது வந்தா போவோம். ஆனா ஆன்மேரிக்கு என்ன சொல்ல?" ஆன்மேரி மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த தெரு, தோழிகள், மொழி எல்லாம் இங்கேதான். அவளை ஊருக்குக் கூட்டிப் போனால், நாங்கள் திரும்பிப் போகிறவர்கள், அவள் புலம்பெயர்ந்தவள். அதை நினைத்தபோது வழக்கறிஞரின் கடிதம் அத்தனை பெரிய பொய்யாகத் தெரியவில்லை. மச்சானுக்கு இதில் என்ன நட்டம்? அவர் எந்த வேலைக்கு விண்ணப்பம் போடப் போகிறார்? இப்படியெல்லாம் மனசு வாதாடியது. மனசுக்குத்தான் நல்ல வக்கீல் வேண்டியதில்லையே, அதுவே பெரிய வக்கீல்.

மச்சானைப் போனில் கூப்பிட்டேன். சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொன்னேன். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம். "இருலே" என்று சொல்லி அதை நிறுத்தினார்.

"ஒனக்கு ஒரு பேப்பர்ல என் ஒப்பு வேணும். அவ்வளவுதானே?" எங்கள் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்போம்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னா மச்சான்..."

"இங்கிலீசுல என்ன எழுதினாலும் எனக்கு வெளங்கவா போவுது? பிள்ள அங்க படிக்குதுல்லா. நீ ஒண்ணும் வெசனப்படாத."

அடுத்து செலின் அக்கா போனை வாங்கி, "ஆன்மேரிக்குக் காய்ச்சல் எல்லாம் உண்டுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

5

வழக்கறிஞரின் கடிதத்தை மச்சானுக்கு அனுப்ப இரண்டு நாள் தயங்கினேன். அதற்குள் மச்சானே நாகர்கோவில் போய், கூரியரில் ஒரு உறையைப் போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது.

உள்ளே பட்டறையின் பெயர் அச்சடித்த இரண்டு தாள். மேலே நங்கூரப் படம், முகவரி. கீழே பத்ரோஸ் என்று தமிழில் கையெழுத்து, பக்கத்தில் ஊதா மையில் பட்டறை முத்திரை. நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. ஓரத்தில் ஒரு பெருவிரல் கிரீஸ் ரேகை.

உடனே போன் செய்தேன். "மச்சான், என்ன இது? ஒண்ணும் எழுதல்லியே?"

"ஒனக்கு என்ன வேணுமோ அத மேல எழுதிக்க. ரெண்டு பேப்பர் வச்சிருக்கேன். ஒண்ணு தப்பிப்போனா இன்னொண்ணு உண்டு."

எங்கள் ஊரில் யாரும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள். படகும் வீடும் இப்படிக் கைமாறிய கதைகள் எல்லாருக்கும் தெரியும். மச்சானே பலருக்கு அந்தப் புத்தி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்தான் இரண்டு தாளில் போட்டு, முத்திரையும் குத்தி, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்.

வழக்கறிஞரின் கடிதத்தை அந்தத் தாளில் அச்சடிக்க எல்லாம் தயாராக இருந்தது. தாளை அச்சுப்பொறியில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். அந்தக் கையெழுத்துக்கு மேலே, "கண்டுபிடிப்பு முழுவதும் அவருடையது" என்று என் கையால் ஏற்ற வேண்டும். கொட்டச் சொன்னவன் நான். கொட்டாமல் வைத்தவர் அவர். வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படி ஒருவர் எனக்கு இருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்து, கொஞ்சம் அழுதேன். சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை.

வழக்கறிஞரின் கடிதத்தை மூடிவிட்டுப் புதிதாக எழுதினேன். "பத்து நாள் கோயில் திருவிழாவுக்காக உருளை நிறுத்தப்பட்டது. மணல் வலுப்பட்டிருப்பதை முதலில் பார்த்தது நான். அது கெட்டுப்போனது என்று என் மச்சினன் சொன்னான். அவன் ஊரில் இல்லாத நாட்களில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு நாட்கள் நிறுத்தி வைத்து நான் சோதித்தேன். அது ஏன் அப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்து எழுதியது அவன். எனக்கு அது இன்றும் தெரியாது." அவ்வளவுதான். ஷீபாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இத அனுப்புங்க. வாறது வரட்டு" என்றாள்.

அனுப்புவதற்கு முன் போனில் மச்சானுக்குத் தமிழில் வரிக்கு வரி சொன்னேன். அவர் பேரில் போகிறது, அவர் கேட்க வேண்டாமா? கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதெல்லாம் உள்ளதுதானலே. உள்ளதச் சொல்ல எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார்.

6

ஏழு வாரம். தபால்காரர் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் ஷீபாவுக்கும் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. ஆன்மேரியின் பள்ளியில் அடுத்த வருடத்துக்கான படிவம் வந்தபோது அதை நிரப்பாமல் ஃபிரிட்ஜின் மேலே வைத்திருந்தோம்.

அனுமதி வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. முடிவெடுத்த அதிகாரி ஆணா பெண்ணா, அவருக்கு அந்தக் கடிதம் பிடித்ததா, அதை வாசித்தாரா என்பதுகூடத் தெரியாது. "பார்ப்பது ஒன்று, விளங்கிக்கொள்வது இன்னொன்று என்று யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்றார் வழக்கறிஞர். அவருக்கும், முகம் தெரியாத அந்த அதிகாரிக்கும், நூலகத்துப் பெண்மணிக்கும் எங்கள் வீட்டு ஜெபத்தில் இப்போதும் இடம் உண்டு.

இன்று சிலி நாட்டுச் செய்தியைச் சொல்ல மச்சானைக் கூப்பிட்டேன். ஆன்மேரியும் பக்கத்தில் இருந்தாள். மேற்கோள் தளத்தில் மாமாவுக்கென்று ஒரு பக்கம் அவளே தொடங்கி வைத்திருக்கிறாள். புகைப்படத்துக்கு, உருளைக்குப் பக்கத்தில் லுங்கியோடு நிற்கிற பழைய படம். "மாமா, யூ காட் ஒன் மோர்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஒண்ணு கூடிட்டு மாமா" என்று தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"அப்படியா மக்கா! நல்லது, நல்லது" என்றார் அவர். பிறகு என்னிடம், "லேய், அன்னைக்கு ரெண்டு பேப்பர் அனுப்பினேன்ல? ஒண்ணுதானே எழுதின. மத்தது எங்க?"

"இருக்கு மச்சான்."

"கிழிச்சுப் போட்டுரு. ஒப்பு போட்ட வெறும் பேப்பர் ஒரு மனுசன் கையிலயும் இருக்கப்பிடாது, கேட்டியா?"

கேட்டேன். எங்கள் கடவுச்சீட்டுகளும் ஆன்மேரியின் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தாள் இருக்கிறது. மச்சான் சொல்லி நான் கேட்காத காரியம் இது ஒன்றுதான்.